நிமிடத்துக்கு இரண்டு டிகிரி

மருந்து குடிக்கும்போது குரங்கை நினைக்காதே என்று முதன்முதலில் சொன்னவன் நல்லவனாக இருக்க முடியாது. அதுவரை குரங்கின் நினைப்பே இல்லாமல் மருந்து குடித்தவன்கூட அன்றிலிருந்து மடக்குக்கு ஒரு குரங்கையும் சேர்த்து விழுங்குகிறான். ரத்தினகிரிக்கு வாய்த்த குரங்கு ஓர் எவர்சில்வர் சாப்பாட்டு டப்பா.

அந்த டப்பாவை அவர் நினைக்கக் கூடாது. முக்கியமாக இன்று பதினொரு மணிக்கு ஷமீமா வரும்போது நினைக்கவே கூடாது. நினைத்தால் அவர் கழுத்தைச் சுற்றியிருக்கும் பட்டைக்குத் தெரிந்துவிடும். பட்டைக்குத் தெரிந்தால் கட்டிலின் தலைமாட்டில் இருக்கும் பெட்டி அதை அவருடைய சொந்தக் குரலிலேயே வீடு முழுக்கக் கேட்கும்படி சொல்லிவிடும். ஆகவே காலை ஆறு மணிக்குத் தமயந்தி பட்டையை மாட்டியதிலிருந்து அவர் எண்ணிக்கொண்டிருந்தார்.

"முப்பது. முப்பத்தி ரெண்டு. முப்பத்தி நாலு," என்றது பெட்டி.

"ஆரம்பிச்சாச்சா?" என்றாள் தமயந்தி. ஈரத்துணியால் அவர் முகத்தைத் துடைத்துவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் அடுப்படிக்குப் போனாள். கல்யாணமாகி இருபத்து நான்கு வருடம். இந்தப் பத்து மாதமாகத்தான் அவள் அந்த அறையில் வேலை முடிந்ததும் ஒரு நிமிடம்கூட நிற்பதில்லை.

ரத்தினகிரிக்கு ஐம்பத்திரண்டு வயது. இரண்டு வருடத்துக்கு முன் குளித்தலையிலிருந்து திருச்சிக்குத் திரும்பி வந்துகொண்டிருந்த பஸ்ஸில், மூளையின் அடித்தண்டில் ஒரு ரத்தக்குழாய் அடைத்துக்கொண்டது. பிழைத்துக்கொண்டார். ஆனால் கண்ணிமை மட்டும்தான் அவர் சொன்னபடி கேட்டது. புத்தி, காது, வலி, அரிப்பு, பசி எல்லாம் பழையபடி உள்ளே இருந்தன. கதவை மட்டும் யாரோ வெளிப்பக்கம் பூட்டிக்கொண்டு போய்விட்டார்கள்.

அந்த முதல் வருடத்தில் ஒருநாள் அவர் காதுக்குள் ஓர் எறும்பு புகுந்துவிட்டது. தமயந்தி ரேஷன் கடைக்குப் போயிருந்தாள். ஒரு மணி நேரம் அது உள்ளே நடமாடியது. அவள் வந்த பிறகும் எழுத்துப் பலகையைக் கண்ணெதிரே பிடித்து, ஒவ்வோர் எழுத்தாகத் தொட்டு, அவர் சிமிட்டுவதைப் பார்த்து, 'எறும்பு' என்பதைப் பிடிக்க இன்னும் கால் மணி ஆனது. அதற்குள் எறும்பு தானாகவே வெளியே போயிருந்தது. பட்டையைப் பற்றி என்ன குறை சொன்னாலும் இந்த எறும்பை மறந்துவிட்டுச் சொல்லக் கூடாது.

பட்டை செய்யப்பட்ட பொருள் அவருடைய கையாலேயே உருவானது. துவாக்குடிக்கு அப்பால் இருந்த ஓர் ஆய்வுக்கூடத்தில் அவர் இருபத்தாறு வருடம் டெக்னீஷியன். பீங்கானை நூலாக இழுப்பது வேலை. பேரியமும் டைட்டானியமும் கரைந்த கரைசலில் பிசின் சேர்த்துப் பாகுப் பதத்துக்குக் கொண்டுவந்து, ஊசியில் ஏற்றி, ஊசிக்குப் பதினெட்டாயிரம் வோல்ட் கொடுப்பார்கள். ஊசி முனையில் நிற்கும் துளி கூம்பாக இழுபட்டு, தலைமுடியைவிட மெல்லிய இழையாகப் பறந்து, எதிரே சுழலும் டிரம்மில் போய்ப் படியும். நாள் முழுக்க ஓட்டினால் கைக்குட்டை அகலத்துக்கு ஒரு வெள்ளைப் பாய் கிடைக்கும். அதை ஓவனில் எண்பது டிகிரியில் காயவைத்து, பிறகு ஃபர்னஸில் வைக்க வேண்டும். நிமிடத்துக்கு இரண்டே இரண்டு டிகிரி ஏற்றி எழுநூறுக்குக் கொண்டுபோனால் பிசின் எரிந்து போகும், பீங்கான் மட்டும் இழையாகவே நிற்கும். அவசரப்பட்டால் பாய் நொறுங்கிக் கோலமாவு ஆகிவிடும். கடைசியில் எலெக்ட்ரான் மைக்ராஸ்கோப்பில் வைத்து நூறு இழைகளின் தடிமனை அளந்து சராசரி எழுத வேண்டும். ரத்தினகிரி தன் வாழ்நாளில் அளந்த இழைகளைக் கூட்டினால் ஒரு சின்ன ஊரின் தலைமுடி தேறும்.

அந்த இழை லேசாக வளைந்தாலே துளி மின்சாரம் கொடுக்கும். எழுபது பாய்க்குமேல் செய்தார்கள். மைக்ராஸ்கோப் படத்தில் எல்லாம் வழவழவென்று அழகாக இருந்தன, வேலைக்கு ஆகவில்லை. நாற்பத்தொன்றாவது பாய் மட்டும் அவலட்சணமாக, இழையெங்கும் அப்பளக் கொப்புளம் போலப் புள்ளி புள்ளியாக வந்தது. அதன்மேல் ஓர் ஈ நடந்தால் மீட்டர் துள்ளியது. திரும்பத் திரும்ப அதே அளவு, அதே வோல்ட், அதே சூட்டில் செய்து பார்த்தும் இன்னொன்று அப்படி வரவே இல்லை.

அவர் விழுந்த பிறகு, அந்தப் பாயை ஆறு துண்டாக வெட்டி ஆறு கழுத்துப்பட்டை செய்யலாம் என்ற யோசனை ஷமீமாவுடையது. டாக்டர் ஷமீமா ஆய்வுக்கூடத்தின் விஞ்ஞானி, அவரைவிடப் பதினைந்து வயது இளையவள். பதவியில் மேலே இருந்தாலும் அவரை 'அண்ணே' என்றுதான் கூப்பிடுவாள்.

"நாம மனசுக்குள்ள பேசிக்கிட்டாக்கூட தொண்டைத் தசை துளியூண்டு அசையும்ணே. எல்லாருக்கும் அப்படித்தான். உங்களுக்கு அது இன்னும் இருக்கு. அதை இந்த இழை பிடிச்சிரும். உங்க பழைய போன் ரெக்கார்டிங்லேர்ந்து குரலை எடுத்துப் பெட்டியில போட்டிருக்கோம்," என்றாள் முதல் பட்டையை மாட்டும்போது. "ஏதாவது சொல்லுங்க பாப்போம்."

"எறும்பு," என்றது பெட்டி. தமயந்தி அழுதுவிட்டாள். ஷமீமாவும் அழுதாள். ரத்தினகிரி அன்று மாலை வரை பேசிக்கொண்டே இருந்தார்.

அந்தச் சந்தோஷம் இரண்டு மாதம் நீடித்தது. பேசத் துடிப்பவனுக்குப் பேச்சு கிடைத்த மகிழ்ச்சியில், பேசாமல் இருப்பதும் ஒரு வசதி என்பது அவருக்கு மறந்து போயிருந்தது. தமயந்தியின் தம்பி கோபிநாத் ஒரு ஞாயிற்றுக்கிழமை திராட்சை வாங்கிக்கொண்டு பார்க்க வந்தான். "மாமா, எப்படி இருக்கீங்க?" என்று உட்கார்ந்தான். பெட்டி உடனே சொன்னது: "இவன் வாங்கிட்டு வர்ற திராட்சை என்னிக்கும் புளிக்கும். கழிச்சுப் போட்டதாப் பாத்துப் பொறுக்குவான்." கோபிநாத் இரண்டு நிமிடம் சுவரைப் பார்த்துவிட்டு எழுந்து போனான். அதன்பின் வரவில்லை. நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். ரத்தினகிரி வாயைத் திறக்காமலே கெட்டார்.

அதைக்கூடச் சிரித்துத் தள்ளிவிடலாம். உறையூரில் ஒரு கல்யாணத்துக்குப் புறப்பட்ட தமயந்தி, கிளிப்பச்சைப் பட்டுப்புடவை கட்டிக்கொண்டு "போயிட்டு வந்துரட்டுமாங்க?" என்று வாசற்படியில் நின்றாளே, அதைத் தள்ள முடியாது. இரண்டு வருடத்தில் அவள் பட்டு கட்டியது அன்றுதான்.

"யாருக்குக் காட்ட இவ்வளவு மினுக்கு?" என்றது பெட்டி.

அவர் அதைச் சொல்லவில்லை. நினைக்கக்கூட இல்லை என்றுதான் சொல்ல வேண்டும். வீதியில் போகிற நாய் திறந்த வாசலில் ஒரு நொடி எட்டிப் பார்த்துவிட்டுப் போவதுபோல வந்துபோன ஒன்று அது. யார் மனசில்தான் அப்படிப்பட்டவை வந்து போகாமல் இருக்கின்றன? வாய் என்று ஒரு கதவு இருப்பதால் குடும்பங்கள் நடக்கின்றன. தமயந்தி உள்ளே போய்ப் புடவையை மாற்றிக்கொண்டு வந்தாள். கல்யாணத்துக்குப் போகவில்லை.

அன்றிலிருந்து அவர் எண்ண ஆரம்பித்தார். மனசை வெறுமனே விட்டால்தானே கண்டது நுழையும்? ஃபர்னஸ் ஏறுவதுபோல முப்பதில் தொடங்கி இரண்டிரண்டாக எழுநூறு வரை போவார். பிறகு இறங்குவார். மறுபடி ஏறுவார். தண்ணீர் வேண்டும் என்றால் எண்ணுவதை நிறுத்தி "தண்ணி" என்று சொல்லிவிட்டு, அடுத்த எண்ணைப் பிடித்துக்கொள்வார். உடம்பு ஒரு சிறை என்றால், அதற்குள் அவரே செங்கல் அடுக்கி இன்னொன்று கட்டிக்கொண்டார்.

இதற்கு ஓர் எளிய தீர்வு உண்டு. அதை அவர் ஷமீமாவிடம் கேட்டும் பார்த்தார். "சுவிட்சை என் கண்ணுல குடும்மா. ரெண்டு தடவை அழுத்தி மூடினா அணையணும், மறுபடி ரெண்டு தடவை மூடினா எரியணும். நான் பேசணும்னு நெனச்சா பேசுறேன்."

ஷமீமா சங்கடப்பட்டாள். "நான் சொல்லிப் பாத்துட்டேன்ணே. பரிசோதனைக் குழு ஒத்துக்க மாட்டேங்குது. காலையில ஆறுலேர்ந்து ராத்திரி ஒம்பது வரைக்கும் தொடர்ச்சியாப் பதிவு வேணுமாம். நீங்க பாதி நாள் அணைச்சு வச்சீங்கன்னா, இது வேலை செய்யுதுன்னு எதை வச்சுக் காட்டுறது?"

"அப்ப அடுத்த ஆளுக்காவது?"

"முதல்ல அடுத்த ஆளுக்குப் பட்டை வேணுமேண்ணே. நாப்பத்தொண்ணு மாதிரி இன்னொண்ணு வரமாட்டேங்குதே."

அந்த இடத்தில்தான் ரத்தினகிரி அவசரமாக எண்ணிக்கைக்குத் தாவினார். ஏனென்றால் நாற்பத்தொன்று எப்படி வந்தது என்பது அவருக்குத் தெரியும். படுத்த படுக்கையில் வேறு என்ன வேலை? ராத்திரி பட்டையைக் கழற்றிய பிறகு அந்த நாளை நூறு தடவை முதலிலிருந்து கடைசி வரை ஓட்டிப் பார்த்துக் கண்டுபிடித்திருந்தார்.

அன்று கேன்டீனில் சாப்பாடு சுடவைக்கும் மைக்ரோவேவ் கெட்டுப்போயிருந்தது. பாய் காயும் ஓவன் எண்பது டிகிரியில் சும்மா எரிந்துகொண்டிருந்தது. உணவுப் பொருள் வைக்கக் கூடாது என்று அதன்மேல் ஒரு காகிதம் ஒட்டியிருக்கும். டெக்னீஷியன்கள் யாரும் அதைப் படித்ததில்லை. தமயந்தி கொடுத்தனுப்பிய சுண்டைக்காய் வத்தக்குழம்புச் சாதத்தை மூடியைத் தளர்த்திப் பாய்க்குக் கீழ்த்தட்டில் வைத்தார். மீட்டிங் என்று கூப்பிட்டார்கள். இரண்டரை மணி நேரம் கழித்து வந்து சாப்பிட்டார். ஓவன் பதிவேட்டில் 'வேறு பொருள்: இல்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். உப்பும் புளியும் கலந்த ஆவி பாயில் இறங்கியிருக்கிறது. அந்தப் பாயில் துளி சோடியம் இருப்பதாகப் பிறகு பரிசோதனையில் தெரிந்தபோது, விரல் வியர்வை என்று எழுதி மூடிவிட்டார்கள்.

சொல்லிவிட்டால் அவருக்கு ஆயுசுக்கும் பட்டை உண்டு. ஐந்து பட்டை உடைந்து இப்போது கழுத்தில் இருப்பது ஆறாவது, கடைசி. ஆனால் சொல்லிவிட்டால், சுவிட்ச் இல்லாத இந்தப் பட்டை அவரைப் போலவே படுத்துக்கொண்டு காத்திருக்கும் இருநூறு பேர் கழுத்துக்குப் போகும். சுவிட்ச் தந்தால் சொல்கிறேன் என்று பேரம் பேசவும் வழியில்லை. ஏதோ தெரியும் என்று காட்டிக்கொண்டால் போதும், ஒரே ஒரு கேள்வியில் பெட்டி மீதியைக் கக்கிவிடும்.

இருநூறு பேரில் ஒருத்தியை அவருக்குப் பேரோடு தெரியும். சமயபுரத்தில் ஹேமவர்ஷினி, இருபத்து மூன்று வயது. நர்ஸிங் படித்துக்கொண்டிருந்தவள், ஸ்கூட்டர் விபத்து. அவளுடைய அம்மா வாராவாரம் தமயந்திக்குப் போன் செய்து, "உங்க வீட்டுக்காரர் இன்னிக்கு என்ன பேசினாரு?" என்று கேட்பாள். அந்தக் குரலில் இருந்த ஆசையைக் கேட்கும்போதெல்லாம் ரத்தினகிரிக்குத் தான் ஒரு மகாபாவி என்று தோன்றும். அந்தப் பெண்ணின் காதில் எத்தனை எறும்போ. ஆனாலும் இருபத்து மூன்று வயதுப் பெண்ணின் மனசு, பெற்ற தாயின் முன்னால், நாள் முழுக்க, ஒலிபெருக்கியில்! அவர் எண்ணிக்கையை இறுகப் பிடித்துக்கொண்டார்.

பதினொரு மணிக்கு ஷமீமா வந்தாள். வழக்கமாகக் கூடவே ஒரு கொத்துச் சிரிப்பும் வரும். இன்று நாற்காலியைக் கட்டிலருகே இழுத்துப் போட்டு, கைக்கடிகாரத்தைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டாள்.

"அண்ணே, இன்னிக்கு ஒரு மணி நேரம் கேள்வி கேப்பேன். சொல்லணும்னா சொல்லுங்க. இல்லாட்டி வேண்டாம்."

"இருநூத்திப் பத்து. இருநூத்திப் பன்னெண்டு."

"நாப்பத்தொண்ணு பண்ணுன அன்னிக்கு ஊசிக்கும் டிரம்முக்கும் தூரம்?"

"பதினஞ்சு சென்டிமீட்டர். இருநூத்திப் பதினாலு."

"காத்துல ஈரம்?"

"அறுபத்திரெண்டு. இருநூத்திப் பதினாறு."

"ஓவன்ல வேற ஏதாவது இருந்துச்சா?"

குரங்கு எட்டிப் பார்த்தது. ரத்தினகிரி எண்களை வேகப்படுத்தினார். இருநூற்றுப் பதினெட்டு, இருபது, இருபத்திரண்டு என்று பெட்டி மூச்சு விடாமல் சொன்னது. ஷமீமா காத்திருந்தாள். அதே கேள்வியை வேறு மாதிரி கேட்டாள். மறுபடி கேட்டாள். அரைமணி ஆகியிருக்கும், அடுப்படியில் தமயந்தி தாளித்தாள். நல்லெண்ணெயில் வெந்தயமும் சுண்டைக்காய் வற்றலும் பொரிகிற வாசனை அறைக்குள் வந்தது.

இதைவிடப் பெரிய சோதனை அவருக்கு வாழ்நாளில் வந்ததில்லை. வாசனை வந்தால் பேர் நாக்கில் வந்துவிடும். அவர் நானூறைத் தாண்டிக்கொண்டிருந்தார். நானூறில் பிசின் எரியும், புகை வரும், அந்தப் புகை நாற்றத்தை நினைத்துக்கொண்டார். கருகல், கருகல் என்று அதையே பிடித்துக்கொண்டு தொங்கினார். "நானூத்திப் பன்னெண்டு கருகல் நானூத்திப் பதினாலு கருகல்," என்று பெட்டி அலறியது. கண்ணிலிருந்து நீர் வழிந்து காதுக்குள் போனது. துடைக்கச் சொல்லக்கூட நிறுத்தவில்லை.

ஷமீமா கடிகாரத்தைப் பார்த்தாள். "போதும்ணே," என்றாள். அவர் காதை முந்தானையால் துடைத்துவிட்டுப் போனாள். ரத்தினகிரிக்கு ஜெயித்துவிட்ட களிப்பு. இரண்டு வருடத்தில் அவராகச் செய்து முடித்த முதல் காரியம் அதுதான்.

பத்து நாள் கழித்து ஷமீமா மறுபடி வந்தாள். கூட, பரிசோதனைக் குழுவின் தலைவர். ஓய்வு பெற்ற பேராசிரியர், மெத்தென்று பேசுகிறவர், வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு வந்தார். ஷமீமாவின் கையில் ஒரு புதுப் பட்டை இருந்தது.

"எண்பத்தி மூணாவது பாய்ண்ணே," என்றாள். "நாப்பத்தொண்ணு மாதிரியே வந்திருச்சு."

"எப்படி?" என்றது பெட்டி.

அவள் தலையைக் குனிந்துகொண்டாள். "மாசி மாசம் ஒருநாள் மத்தியானம் சாப்பிட்டுத் தூங்கிட்டீங்க. தூக்கத்துல எல்லாத்தையும் சொல்லிட்டீங்க, டப்பா, குழம்பு, மீட்டிங் எல்லாம். பெட்டி பதிவு பண்ணி எங்களுக்கு அனுப்பிருச்சு. ஆறு மாசமா லேப் முழுக்க வத்தக்குழம்பு வாசனைதான். எங்கம்மா வச்ச குழம்புல வரவே இல்ல. உப்பைக் கணக்குப் பண்ணி வெறும் ஆவியா விட்டப்புறம்தான் சரியா வந்துச்சு."

"அப்ப அன்னிக்கு எதுக்கு ஒரு மணி நேரம் கேட்ட?"

அதற்குத் தலைவர் பதில் சொன்னார், ரொம்ப மரியாதையாக. "மிஸ்டர் ரத்தினகிரி, கண்ணுல சுவிட்ச் வேணும்னு நீங்க கேட்டிருந்தீங்க. குழு அதை ரொம்பத் தீவிரமா யோசிச்சுது. நோயாளி மறைக்க நினைக்கிறதை இந்தப் பட்டை வெளிய கொண்டுவந்தா சுவிட்ச் கட்டாயம். மறைக்க முடியும்னா தேவையில்ல. முன்கூட்டியே சொல்லிட்டா பரிசோதனை கெட்டுப்போகும், அதனாலதான் உங்ககிட்ட சொல்லல. உங்களுக்கு ஒரு ரகசியம் இருக்குன்னு எங்களுக்குத் தெரியும். தூக்கத்துல உளறுறது எல்லாரும் செய்றதுதான், அதைக் கணக்குல எடுக்கல. விழிச்சிருக்கிறப்ப ஒரு மணி நேரம் நேருக்கு நேரா கேட்டும் நீங்க அதைச் சொல்லல. பிரமாதமான கட்டுப்பாடு. ஆகவே சுவிட்ச் தேவையில்லன்னு முடிவாயிருக்கு. அடுத்த வாரம் முதல் பட்டை சமயபுரம் போகுது."

ரத்தினகிரிக்குப் புரிந்தது. எதைத் தடுக்க அவர் வாயைக் கட்டினாரோ, வாயைக் கட்டியதையே சாட்சியாக வைத்து அதை நடத்திவிட்டார்கள். அந்த ஒரு மணி நேரம் என்ன பாடுபட்டார் என்பதைச் சொல்லியாக வேண்டும். இப்போதே, இந்த ஆள் எழுந்து போவதற்குள். அய்யா, அது கட்டுப்பாடு இல்லை, நான் பைத்தியமாகிக்கொண்டிருக்கிறேன் என்று சொல்ல வேண்டும். அவர் முழு பலத்தையும் திரட்டினார்.

"எண்பத்தி ரெண்டு," என்றது பெட்டி. "எண்பத்தி நாலு."

அவர் திடுக்கிட்டார். மறுபடி முயன்றார். பயம் வந்தால் எண், பதற்றம் வந்தால் எண் என்று பத்து மாதம் பழக்கிய மனசு, பயத்தைக் கண்டதும் தானாக எண்ணத் தொடங்கிவிட்டது. தண்ணீருக்கு நிறுத்த முடிந்த எண்ணிக்கை இதற்கு நிற்கவில்லை. "எண்பத்தி ஆறு. எண்பத்தி எட்டு. தொண்ணூறு."

"எவ்வளவு அமைதியா இருக்கார் பாருங்க," என்றார் தலைவர்.

"அது அமைதி இல்லீங்க." கதவோரம் நின்ற தமயந்தி உள்ளே வந்தாள். "அவரு மனசுல வர்றது எதுவும் என் காதுல விழுந்துரக் கூடாதுன்னு பத்து மாசமா எண்ணிக்கிட்டே கெடக்குறாரு. நான் ஒருநாள் பட்டுப்புடவை கட்டுனதுலேர்ந்து. எனக்குத் தெரியாதுன்னு நெனச்சுக்கிட்டிருக்காரு. இது எல்லாத்தையும் கொட்டிரும் சார். இதை எழுதிக்குங்க."

"கண்டிப்பா எழுதிக்கிறோம்மா. குடும்பத்தார் கருத்துன்னு தனிப் பத்தி இருக்கு," என்றார் தலைவர். "ஆனா முடிவை மாத்தணும்னா நோயாளியோட சொந்த வாய்மொழி பதிவுல வேணும். அவரே சொல்லட்டுமே."

மூவரும் அவரைப் பார்த்தார்கள். "நூத்தி நாலு," என்றது பெட்டி. "நூத்தி ஆறு."

ஷமீமா புதுப் பட்டையை மாட்டும்போது அவர் கண்ணைப் பார்க்கவில்லை.

அதன்பின் தமயந்தி அவர் அறையிலேயே உட்கார்ந்து காய் நறுக்கினாள். புதுப் பட்டை பழையதைவிடத் துல்லியம். எண்கள் கணீரென்று வந்தன.

மூன்று வாரம் கழித்து ஒரு மத்தியானம் போன் அடித்தது. கை ஈரமாக இருந்ததால் தமயந்தி அதை ஸ்பீக்கரில் போட்டுக் கட்டில் ஓரம் வைத்தாள். ஹேமவர்ஷினியின் அம்மா.

"அக்கா, எம்பொண்ணு பேசிட்டாக்கா! முதல் நாள் அம்மான்னு கூப்பிட்டா. தெருவே வந்து பாத்துச்சு. ரெண்டு மூணு நாள் நல்லாத்தான் பேசினா. என்னென்னமோ பேசினா..." அந்த அம்மாள் கொஞ்சம் தயங்கினாள். "என்னைப் பத்தி, அவங்க அப்பாவைப் பத்தி, யாரோ ஒரு பையனைப் பத்திக்கூட. நான் ஒண்ணும் கேக்கலக்கா, அதெல்லாம் வயசுதான? ஆனா அஞ்சாறு நாளா வேற ஒண்ணும் பேச மாட்டேங்குறா. உங்க வீட்டுலயும் இப்படித்தானான்னு கேக்கலாம்னுதான் போட்டேன். எந்நேரமும் வாய்ப்பாடு சொல்லிக்கிட்டே இருக்காக்கா. இருங்க, கேளுங்க."

போனைக் கட்டிலருகே கொண்டுபோகிற சத்தம். பிறகு ஓர் இளம்பெண்ணின் தெளிவான குரல்: "பதினேழு மூணு அம்பத்தொண்ணு. பதினேழு நாலு அறுபத்தெட்டு. பதினேழு அஞ்சு எண்பத்தஞ்சு."

தமயந்தி கையில் இருந்த கத்தரிக்காயைக் கீழே வைத்தாள்.

தலைமாட்டுப் பெட்டி ஐந்நூற்று நாற்பதில் நின்றது. தமயந்தி திரும்பிப் பார்த்தாள். பெட்டியின் சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

"பதிவு ஓடுதா?" என்றது ரத்தினகிரியின் குரல்.

"ஓடுதுங்க."

"ஓடட்டும். அவங்க கேட்ட வாய்மொழி இதுதான். சுவிட்சை அந்தப் புள்ள கண்ணுல வைங்க. வைக்காட்டி என்ன ஆகும்னு இப்பக் காட்டுறேன். இனிமே எண்ண மாட்டேன். என்ன வருதோ வரட்டும். தமயந்தி, நீ வெளிய போயிரு. உன்னைப் பத்தித்தான் வரும்."

தமயந்தி போகவில்லை. அரிவாள்மணையைத் தள்ளிவிட்டு முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். வாய்ப்பாடு போனில் ஓடிக்கொண்டே இருந்தது. ரத்தினகிரி கண்ணை மூடிக்கொண்டு மனசின் பிடியை விட்டார்.

"போன மாசம் இவளுக்குக் காய்ச்சல் வந்துச்சே, அய்யோ பாவம்னு தோணல. இவ செத்துட்டா எனக்கு யாரு சோறு ஊட்டுவான்னுதான் தோணிச்சு. இவ கிட்ட வந்தா வேர்வை நாத்தம். என்னைத் தொடைக்கிற வேர்வைதான், தெரியும், ஆனாலும் நாத்தம்னுதான் வருது. அன்னிக்கு அந்தப் பச்சைப் புடவையில எவ்வளவு அழகா இருந்தா. இப்படி இருக்கிறவ எதுக்கு இந்தக் கட்டைகிட்ட கெடக்கணும், போயிருவா, இன்னிக்கே போயிருவா, போறதுக்கு முன்னாடி நானே ஏதாவது சொல்லிக் காயப்படுத்திரணும்..."

தமயந்தியின் கன்னத்தில் நீர் வழிந்தது. அவள் பட்டையைக் கழற்றக் கையை நீட்டவில்லை.

போனில் பதினெட்டாம் வாய்ப்பாடு பாதியில் நின்றிருந்தது. அங்கே அந்த அம்மாள் மூச்சு விடுவது மட்டும் கேட்டது. சற்றுப் பொறுத்து அந்தப் பெண்ணின் குரல் வந்தது.

"நிறுத்தாதீங்க அங்கிள். மேல சொல்லுங்க."

ரத்தினகிரி மேலே சொன்னார்.